புகை என்ன நிறம்?

லிங்கநகர்,
திருகோணமலை.
19.01.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இடுப்பெலும்பு பொருந்தி வருகிறதா? அண்ணி சொல்வதைக் கேட்டுக் கட்டிலில் கிடக்கிறீர்களா, இல்லை அங்கேயும் மகன் கோகுலனின் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டுவிட்டீர்களா? எனக்கு மழைத் தடிமன் வந்து போய்விட்டது, வேறு குறையில்லை.

இவள் ஏன் திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போன கிழமை ரெலிபோனில் உங்களோடு கதைத்து முடிக்க, பக்கத்து வீட்டு சுஹைரா ஓடி வந்து, "என்ன அக்கா, ஆரோட சண்டை?" என்று கேட்டாள். உங்கள் செவிட்டுக் காதுக்கு எட்டவேண்டுமென்று நான் கத்தினால், என் வீட்டுக் கதை லிங்கநகர் முழுக்கக் கேட்கிறது. வட்சப்பில் எழுதினால் எழுத்துச் சின்னன் என்கிறீர்கள். அதனால் இனிமேல் முத்திரை ஒட்டித்தான் கதைப்பேன்.

விசயம் இதுதான். கார் புகைக்கிறது. அவர் கண்ணை மூடினபிறகு, நம்பர் தகட்டில் ஸ்ரீ எழுதின இந்தப் பழைய கார்தான் என்னோடு சேர்ந்து உழைக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல்களைப் பின் சீற்றில் அடுக்கிக்கொண்டு உள்துறைமுக வீதிக்குப் போவேன். பாஸ் இல்லாத வாகனம் என்று துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். மதிலோரம் மர நிழலில் விட்டுவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே இருக்கிற அலுவலகங்களுக்குக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவேன். திரும்பி வர, காரின் நிழலில் இரண்டு மான்கள் படுத்திருக்கும். இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

நேற்று ஒரு கந்தோரில் வேலை செய்கிற பொடியன், "அன்ரி, சோத்தில புகை மணக்குது" என்றான். மீன்குழம்பைக் குறை சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். புகைக்கு நான் என்ன சொல்ல?

நீங்கள் துறைமுக வேலைத்தலத்தில் எத்தனை எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவர். என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
பூரணி


வவுனியா
27.01.2025

அன்புள்ள பூரணிக்கு,

நான் கழற்றினது மோட்டார் சைக்கிள் இல்லை, அண்ணியின் மிக்சி. அது இப்போது முந்தியைவிட நன்றாக அரைக்கிறது. இடுப்புத்தான் இன்னும் அரைபட்டுக்கொண்டு இருக்கிறது. தடியோடு கக்கூசுக்குப் போய் வருமளவுக்குத் தேறிவிட்டேன்.

'கார் புகைக்கிறது' என்று எழுதினால் எனக்கு என்ன விளங்கும்? டொக்ரரிடம் போய் 'வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது' என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. புகை என்ன நிறம்? வெள்ளை என்றால் தண்ணீர் எரிகிறது. மாரிக் காலத்து விடியலில் கொஞ்சம் வெள்ளை வருவது ஆவி, அதற்குப் பயப்பட வேண்டாம். கறுப்பு என்றால் பெற்றோல் தேவைக்கு மேலே போகிறது. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. எப்போது வருகிறது என்றும் பார்க்கவேண்டும். விடிய ஸ்ரார்ட் பண்ணும்போதா, உவர்மலை ஏற்றத்தில் மிதிக்கும்போதா, இல்லை எந்நேரமுமா?

இதை நீ தனியாகப் பார்க்க ஏலாது. நீ உள்ளே இருந்து மிதிக்க, பின்னால் ஓர் ஆள் நின்று பார்க்கவேண்டும். தர்சிகாவைக் கூப்பிடு. அவள் இருக்கிற சல்லிக் கிராமம் என்ன கடல் கடந்தா இருக்கிறது? உன் மகள் திலக்சனைக் கலியாணம் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருசமாகிறது. கலியாணப் பதிவு எழுத்துக்கும் நீ போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. கடற்றொழில் செய்கிற பொடியன் என்பதைவிட அவனிடம் நீ கண்ட குறை என்ன? கந்தோர் மாப்பிள்ளையைத்தான் எடுப்பேன் என்று நின்ற ஆட்களை எனக்கும் தெரியும். கந்தோர் மாப்பிள்ளைமாரையும் எனக்குத் தெரியும்.

ஏசினது போதும். நிறத்தை எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணா
இராசநாயகம்


லிங்கநகர்
05.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மிக்சி பிழைத்ததற்கு அண்ணிக்கு என் அனுதாபம். உங்களுக்கு முழங்காலில் நோ இருந்தால் சித்தாலேப பூசச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில். சுஹைராதான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றாள். புகை நீலம். சின்னப் பொடியன்களின் பள்ளிக்கூடக் காற்சட்டை தோய்த்துத் தோய்த்து வெளுத்த மாதிரி ஒரு நீலம். விடியவும் வருகிறது, உவர்மலை ஏற்றத்திலும் வருகிறது. எந்நேரமும் என்றே வையுங்கள். ஆனால் ஒரு கிழமை கூட, ஒரு கிழமை குறைய. அது ஏனென்று விளங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெற்றோல் காட்டுகிற முள் போன வருசமே செத்துவிட்டது. ஐப்பசியில் ஒருநாள் துறைமுக மதிலடியில் பெற்றோல் முடிந்து நின்றுவிட்டேன். நல்ல வெயில். காவற்காரர் ஒருவர் வந்து தள்ளித் தந்தார். அன்றிலிருந்து பயத்தில், ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வருகிறேன்.

வேறு விசேசம் இல்லை. பயற்றங்காய் இப்போது நல்ல மலிவு.

தங்கை
பூரணி


வவுனியா
14.02.2025

அன்புள்ள பூரணிக்கு,

முழங்காலுக்குப் பூசினேன், வீடே மணக்கிறது. புகையைப் பற்றி நீ முறையிடுகிற மாதிரி இப்போது அண்ணி என்னைப் பற்றி முறையிடுகிறா.

நீலம் என்றால் ஒயில்தான். பழைய எஞ்சினில் ஒயில் எரிகிற இடத்துக்குள் இறங்க இரண்டு வழி. மேலே வால்வ் சீல் தேய்ந்தால் விடியலில் மட்டும் ஒரு மூச்சுப் புகை விட்டு அடங்கும். கீழே பிஸ்ரன் ரிங் தேய்ந்தால் ஏற்றத்தில் புகைக்கும். உன் கார் எந்நேரமும் புகைக்கிறது என்றால் வருத்தம் முற்றிவிட்டதோ என்று யோசனையாக இருக்கிறது. ஆனால் 'ஒரு கிழமை கூட, ஒரு கிழமை குறைய' என்று எழுதியிருக்கிறாய். தேய்ந்த ரிங் கிழமை பார்த்துத் தேயாது. அதுதான் எனக்கு இடிக்கிறது.

ஒயில் பார்க்கிற கம்பியை ஒவ்வொரு விடியலிலும் எஞ்சின் சூடாக முதல் இழுத்து, துணியால் துடைத்து, திரும்ப விட்டு இழுத்துப் பார். எரிகிற ஒயில் எங்கேயாவது குறைந்துதானே ஆகவேண்டும்?

போன கடிதத்தில் நான் எழுதின இன்னொரு விசயத்துக்குப் பதிலே வரவில்லை. அந்தப் பகுதி மழையில் நனைந்து அழிந்து போயிற்றோ?

அண்ணா


லிங்கநகர்
03.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெயில் தொடங்கிவிட்டது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். கோகுலனின் பிள்ளைகளுக்குச் சோதனை முடிந்ததா?

ஒயில் ஒரு சொட்டும் குறையவில்லை அண்ணா. கம்பியில் முதல்நாள் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது. புகை மட்டும் கூடிவிட்டது. கராஜ் கலீலுர் றஹ்மானிடம் கொண்டுபோனேன். நல்ல மனுசன், ஏமாற்றுகிறவர் இல்லை. காதைக் கொடுத்துக் கேட்டார், புகையைக் கையால் பிடித்து மணந்தார், தலையை ஆட்டினார். "எஞ்சினை இறக்கிப் பார்க்காமச் சொல்ல ஏலாது தங்கச்சி. இறக்கினா லேசில முடியாது" என்றார். எனக்கு அவ்வளவுக்கு வசதி இல்லை என்பது அவருக்கும் தெரியும். கிண்ணியாவில் ஒருவர் இருக்கிற நிலையிலேயே வாங்கச் சம்மதமாம்.

புகைப் பரிசோதனையிலும் கார் விழுந்துவிட்டது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வரிப்பத்திரம் புதுப்பிக்க ஏலாது. வரிப்பத்திரம் சித்திரை மாத முடிவோடு முடிகிறது. அதற்குப் பிறகு காரை வெளியே எடுத்தால் பொலிஸ் பிடிக்கும். முச்சக்கர வண்டியில் அவ்வளவு பார்சலையும் கொண்டுபோக ஏலாது, கொண்டுபோனாலும் வாடகைக்கே சரி.

பெற்றோல் ஊற்றுகிற இடத்தில் நேற்று ஒரு சண்டை. பம்பில் நிற்கிற பொடியன் கொஞ்சம் ஊற்றின உடனேயே, "அக்கா, ராங்க் நிறைஞ்சு வழியுது" என்கிறான். முள் செத்த கார் என்று தெரிந்து ஏமாற்றப் பார்க்கிறான் போல. நன்றாக ஏச்சுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. வீட்டில் நான் ஒருத்திதான், எனக்கென்ன பெரிய செலவு என்று ஆட்கள் நினைக்கிறார்கள். சமைப்பதற்கு ஆட்கள் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று ஒருவரும் நினைப்பதில்லை. கெதியாகப் பதில் போடுங்கள்.

பூரணி


லிங்கநகர்
25.03.2025

அண்ணா,

உங்கள் சுகம் அறிய ஆசை. மூன்று கிழமையாகப் பதில் இல்லை. கோகுலனுக்கு ரெலிபோன் எடுத்தால் "அப்பா படுத்திருக்கிறார் மாமி" என்று மட்டும் சொல்கிறான்.

சோற்றில் புகை மணக்கிறது என்ற அந்தக் கந்தோர் பார்சலை நிறுத்திவிட்டது. மரியாதையாகத்தான் சொன்னார்கள். மற்றக் கந்தோர்காரரும் முகத்தைச் சுளிக்கிறார்கள். கிண்ணியாக்காரர் வருசப் பிறப்புக்கு முதல் வந்து காரை எடுப்பாராம். ஓம் என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பூரணி


வவுனியா
30.03.2025

அன்புள்ள பூரணிக்கு,

விற்காதே! கிண்ணியாக்காரருக்கு ஓம் சொல்லிவிட்டாய் என்றால் இல்லை என்று சொல். நான் சொன்னதாகச் சொல்.

பதில் பிந்தியதற்கு மன்னிக்கவேண்டும். கொஞ்சம் அலுப்பு. படுத்தபடி யோசிக்க நேரம் கிடைத்தது, அதுவும் நல்லதுக்குத்தான்.

ஒயில் எரிகிறது, ஆனால் எஞ்சின் ஒயில் குறையவில்லை. அப்படியென்றால் எரிகிற ஒயில் எஞ்சினுக்குள் இருந்து வரவில்லை, வெளியில் இருந்து வருகிறது. எஞ்சினுக்குள் போவது காற்றும் பெற்றோலும்தான். காற்றில் ஒயில் வராது. மிச்சம் என்ன?

கலீலுர் றஹ்மானிடம் போய் இரண்டு வேலை செய்விக்கவேண்டும். முதலாவது, எஞ்சினின் அமுக்கத்தை அளக்கச் சொல். ரிங் தேய்ந்திருந்தால் அதில் பிடிபடும். இரண்டாவது, பெற்றோல் ராங்கைக் கீழே திறந்து முழுதாக வடிக்கச் சொல். அதில் கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, பம்பில் வாங்கின பெற்றோலை இன்னொரு போத்தலில் எடுத்து, இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பார்த்து எழுது.

அண்ணா

பூரணி, இவர் கடிதத்தை மடிக்க முதல் நான் இரண்டு வரி எழுதுகிறேன். அலுப்பு இல்லை, நெஞ்சில் சளி கட்டி இரண்டு கிழமை வார்ட்டில் இருந்தவர். உனக்கு எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கினவர். இப்போது சுகம். கண் திறந்த உடனே "அவளின்ர ஒயில் குறையேல்லையாம்" என்றுதான் சொன்னார். டொக்ரருக்கு ஒன்றும் விளங்கவில்லை.
அண்ணி இரத்தினேஸ்வரி


லிங்கநகர்
08.04.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வார்ட்டில் இருந்ததை மறைத்த ஆளோடு இனி என்ன கதை? நேரில் கண்டால் தெரியும். அண்ணிக்கு என் கும்பிடு. வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னது சரி. கலீலுர் றஹ்மான் அளந்து பார்த்துவிட்டு, "எஞ்சின் இளந்தாரி மாதிரி இருக்கு தங்கச்சி, நான்தான் கிழவன்" என்று சிரித்தார். பிறகு ராங்கை வடித்தார். வடிய வடிய வந்துகொண்டே இருந்தது. அவர் அடுத்த வாளி எடுக்க ஓடினார். நான் ஊற்றினதைவிட எவ்வளவோ கூட. போத்தலில் எடுத்து வெயிலில் வைத்தால், பம்புப் பெற்றோல் ஒரு நிறம், என் ராங்கில் இருந்தது பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம், விரலில் தொட்டால் வழுவழுவென்கிறது. புதுப் பெற்றோல் ஊற்றி ஓடினேன். புகை குறைந்து குறைந்து இல்லாமலே போய்விட்டது. சந்தோசத்தில் கோயிலுக்குத் தேங்காய் உடைத்தேன். மூன்று நாலு நாள் கழித்துத் திரும்பவும் நீலப் புகை!

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் அண்ணா. நான் பார்சல் கொடுக்க உள்ளே போகிற நேரம் பார்த்து ராங்க் மூடியைத் திறந்து ஒயிலை ஊற்றுகிறார்கள். மூடிக்குப் பூட்டு இல்லைதானே. மதிலுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்கள், நான் இழந்த கந்தோர் இப்போது அவர்களிடம்தான் எடுக்கிறது. வேறு யாருக்கு என் காரில் கண்? வருசப் பிறப்புக் கழிய இரண்டு போத்தலையும் கொண்டுபோய்ப் பொலிசில் முறைப்பாடு கொடுக்கப்போகிறேன். சுஹைரா "அவசரப்படாதீங்க அக்கா" என்கிறாள். என் வயிற்றில் அடிப்பவர்களிடம் நான் என்ன பொறுமை பார்ப்பது?

நல்லநாளில் எல்லாரும் சந்தோசமாக இருங்கள். இங்கே வருசப் பலகாரம் ஒன்றும் செய்யவில்லை. ஒரு ஆளுக்குச் சட்டி வைக்க மனமில்லை.

பூரணி


வவுனியா
12.04.2025

அன்புள்ள மகள் தர்சிகாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நீயும் திலக்சனும் சுகமா? கடல் எப்படி, மீன் படுகிறதா? என்னைப் பற்றிக் கேட்டால், இடுப்பும் காதும் இல்லை, மிச்சமெல்லாம் இருக்கிறது.

ஒரு கேள்வி. உன் மனுசன் தன் போட் எஞ்சினுக்குப் பெற்றோலோடு என்ன ஒயில் கலக்கிறவர்? அது பச்சையும் நீலமுமான நிறமா?

ஏன் கேட்கிறேன் என்றால், உன் அம்மாவின் கார் மூன்று மாதமாக நீலமாகப் புகைக்கிறது. பார்சல் சோற்றில் மணக்கிறது என்று ஒரு கந்தோர் நிறுத்திவிட்டது. புகைப் பரிசோதனையிலும் விழுந்துவிட்டது. ராங்குக்குள் யாரோ பெற்றோலும் ஒயிலும் கலந்து ஊற்றுகிறார்கள். யாரோ எதிரி என்று அம்மா பொலிசுக்குப் போக நிற்கிறா, பாவம் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரை நினைத்துக்கொண்டு. நான் துறைமுகத்தில் வேலை செய்தவன் மகள். இப்படிக் கலக்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களில் அம்மாவுக்காகப் பெற்றோல் செலவழிக்கக்கூடியவன் ஒருவன்தான்.

கோபமில்லை. உண்மையை எழுது. கெதியாக எழுது.

மாமா


சல்லி
17.04.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். நீங்கள் வார்ட்டில் இருந்ததை மாமி சொல்லித்தான் அறிந்தேன், வந்து பார்க்காததற்குக் குறை நினைக்காதீர்கள். உங்களுக்கு வாசிக்க எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன்.

ஓம் மாமா. இவர்தான்.

ஐப்பசியில் ஒருநாள், மீன் சந்தையில் கொடுத்துவிட்டு வரும்போது துறைமுக மதிலடியில் அம்மா தனியாகக் காரைத் தள்ளிக்கொண்டு நின்றதைக் கண்டவர். மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின்னால் கை வைத்திருக்கிறார். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆரோ தெரியாத ஆளுக்குச் சொல்கிற மாதிரி, "வேண்டாம் தம்பி, ஆக்கள் வருவினம், நீங்கள் போங்கோ" என்றாவாம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டுதான் எனக்குச் சொன்னார். "நல்ல மரியாதையா, நீங்கள் எண்டு சொன்னவா" என்றார். பிறகு குசினிக்குள் போய், தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். நான் அழுதேன் மாமா. இவர் அழவில்லை.

மார்கழியில்தான் தொடங்கினவர். போட்டுக்குப் பெற்றோல் வாங்க ரவுனுக்குப் போகிற நாட்களில், அம்மா கந்தோருக்குள் போகும்வரை பார்த்து நின்று ஊற்றிவிட்டு வருவார். "மாமி இனி ஒருநாளும் றோட்டில நிக்கக் கூடாது" என்பார். எங்கள் பக்கத்தில் ஒயில் கலக்காத பெற்றோலைப் போட் எஞ்சினுக்கு ஊற்றினால் அது இறுகிச் செத்துவிடும். கார் எஞ்சின் வேறு மாதிரி என்று இவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. காருக்கென்று ஒரு பெற்றோல் கான் புறம்பாக வைத்திருந்தவர். தன் போட்டுக்கு மலிவான ஒயில், அம்மாவின் காருக்கு நல்ல ஒயில். கார் பழசு, பாவம் என்று கொஞ்சம் கூடவே கலந்தவர்.

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முகம் கறுத்துப் போய்விட்டது. "நானே மாமியின்ர வயித்தில அடிச்சுப்போட்டன்" என்றார். அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை.

கெஞ்சிக் கேட்கிறேன் மாமா, அம்மாவுக்குச் சொல்லாதீர்கள். சொன்னால் காரையே வேண்டாமென்று விட்டுவிடுவா. ஒயில் இனிக் கலக்கமாட்டார், கார் தானாகச் சுகமாகிவிடும். அம்மா கோபத்தோடாவது நன்றாக இருக்கட்டும்.

மாமியைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தர்சிகா


வவுனியா
21.04.2025

அன்புள்ள பூரணிக்கு,

மல்லித்தண்ணி குடித்தேன், சளி இறங்கிவிட்டது. முறைப்பாடு கொடுத்துவிட்டாயா? கொடுக்காவிட்டால் கொடுக்காதே. கொடுத்துவிட்டால் உடனே போய் வாபஸ் வாங்கு. அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரர் உன் காரைத் தொட்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை.

காரைக் கெடுக்க நினைக்கிற எதிரி ராங்குக்குள் சீனி போடுவான், மண் போடுவான். வாளி வாளியாகப் பெற்றோல் ஊற்றுகிற எதிரியை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா? பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தை மறந்துவிட்டாயா? உன் ராங்க் நிறைந்து வழிந்ததற்குப் பம்புப் பொடியனுக்கு ஏச்சு வேறு. அவனிடம் மன்னிப்புக் கேள்.

உன் ராங்கில் இருந்தது போட் எஞ்சினுக்குக் கலக்கிற ஒயில். ஊற்றினது உன் மருமகன். நீ றோட்டில் நின்றதைக் கண்ட நாளிலிருந்து அவனுக்கு மனம் கேட்கவில்லை. எண்ணெய் போடாத பெற்றோல் எஞ்சினைக் கொல்லும் என்பது அவன் தொழிலில் படித்த பாடம். அதனால் தன் போட்டுக்குப் போடுகிறதைவிட நல்ல ஒயில் வாங்கி, கார் பழசு என்று கொஞ்சம் கூடவும் கலந்திருக்கிறான். அந்தப் பாசம்தான் உன் சோற்றில் மணந்தது. உண்மை தெரிந்தபிறகு, 'நானே மாமியின்ர வயித்தில அடிச்சுப்போட்டன்' என்று அன்றைக்கு அவன் கடலுக்கும் போகவில்லையாம்.

தர்சிகா உனக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டவள். எழுத்தில்தான் கேட்டவள், ஆனாலும் செவிடனுக்கு ஒரு சலுகை இருக்கவேண்டும். நான் சொல்லாவிட்டால் அவன் பேசாமல் ஒயிலை விடுவான், கார் சுகமாகும், நீ ஒரு எதிரி பயந்து ஓடிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அதை வைத்துக்கொண்டு எனக்கு நித்திரை வராது.

மதிலடியில் உன் காருக்குப் பின்னால் கை வைத்தவனைப் பற்றி நீ எனக்கு எழுதின கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. காவற்காரர் தள்ளினார் என்று எழுதியிருந்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு விளங்குகிறது.

நீ என் தங்கை. நீ அழுதால் எனக்கு நோகும், நீ வீம்பு பிடித்தாலும் நோகும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்றால், அழு.

அண்ணா


லிங்கநகர்,
திருகோணமலை.
05.05.2025

அன்புள்ள மருமகன் திலக்சனுக்கு,

மாமி எழுதுகிறேன். நீங்களும் தர்சிகாவும் சுகமாக இருக்கிறீர்களா? கடலில் காற்று எப்படி? இதை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கசக்கி எறிந்துவிட்டேன். உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல்தான். நாலாவது தாளில் மருமகன் என்று எழுதினேன், அதற்குப் பிறகு கை ஓடியது.

அண்ணாவின் கடிதம் வந்த அடுத்த நாள் காரை வழமையான இடத்தில் விட்டுவிட்டு, கந்தோருக்குப் போகாமல் காவற்கூடத்துக்குள் நின்றுகொண்டேன். அன்றைக்கு நீங்கள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வரமாட்டீர்கள், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு கவலை வரும் என்று நான் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்தீர்கள். படுத்திருந்த மான்களை மெதுவாக எழுப்பி விலத்திவிட்டு, கானைத் திறந்து மணந்து பார்த்தீர்கள். ஒயில் இல்லை என்று நிச்சயப்படுத்தினீர்கள் போல. ஊற்றி முடிந்ததும் மூடியைச் சுற்றிச் சிந்தினதைச் சேட்டால் துடைத்தீர்கள். பிறகு போகாமல் நின்று, நாலு ரயருக்கும் காற்று இருக்கிறதா என்று காலால் அமத்திப் பார்த்தீர்கள். முன் ரயர் ஒன்று கொஞ்சம் காற்றுக் குறைவு, எனக்கும் தெரியும்.

கூப்பிட வாயெடுத்தேன். 'தம்பி' என்றுதான் வாயில் வந்தது. அந்தச் சொல்லை உங்களுக்குத் திரும்பவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு சொல் வருவதற்குள் நீங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டீர்கள். காவற்காரர், "ஆர் அக்கா அது? அடிக்கடி வாறவர்" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் காருக்குள் போயிருந்து அழுதேன். நன்றாக அழுதேன்.

கார் இப்போது புகைப்பதில்லை. போன கிழமை பரிசோதனையில் பாஸ். வரிப்பத்திரமும் எடுத்துவிட்டேன். கந்தோர்காரர் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே என் வயிற்றில் அடித்துவிட்டதாக நீங்கள் இனி ஒரு இடத்திலும் சொல்லக்கூடாது. அண்ணா எனக்கு அதையும் எழுதியிருக்கிறார். அவருக்குக் காதுதான் இல்லை, வாய் நன்றாக இருக்கிறது.

வாற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வாருங்கள். மீன் கொண்டுவர வேண்டாம், என் வீட்டுக்கு வருகிற மருமகன் கையில் மீனோடு வரக்கூடாது. தர்சிகாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைப்பேன். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரியாமல் இரண்டு வருசம் இருந்திருக்கிறேன். தர்சிகாவை எழுதச் சொல்லுங்கள்.

பெற்றோல் ஊற்றவேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஊற்றுங்கள். ஆனால் மதிலடியில் ஒளித்து ஊற்றவேண்டாம். என் வீட்டு வாசலில், பட்டப்பகலில், நான் பக்கத்தில் நிற்க ஊற்றுங்கள். றோட்டால் போகிறவர்கள் நின்று ஆரென்று கேட்பார்கள். கேட்கட்டும். என் மருமகன் என்று நான் சொல்லவேண்டும்.

உங்கள் மாமி,
பூரணி